கார்பரேட்டருக்கு ஒரு வேலங்கட்டை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற வாடகைக் கார்களிலேயே ஹபீபுல்லாவின் பச்சைக் கார்தான் பெரியது, பழையதும் அதுதான். எந்த வெள்ளைக்காரத் துரையோ ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன வண்டி. நாலு பேர் தாராளமாக உட்காரலாம். ஒன்பது பேர் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறார்கள். பச்சைக் கார் வராவிட்டால் மாப்பிள்ளை மணையில் உட்கார மாட்டான் என்று ஒரு காலத்தில் பேச்சு. ஒரு காலம் என்றால் ரொம்பப் பழைய காலமில்லை, போன ஆனி வரைக்கும்.

ஆனியில் ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் மேளம், பக்கத்தில் காஸ் லைட், நடுவில் பச்சைக் கார். ஊர்வலத்தில் கார் நடக்கிற ஆளைத் தாண்டிப் போகக் கூடாது. போனால் அதற்கு ஊர்வலம் என்று பேர் இல்லை, ஓட்டம் என்று பேர். இன்ஜினுக்கோ மெதுவாகப் போவதைப்போல் வேதனை வேறு இல்லை. காற்று வாங்காது, சூடு ஏறும், பெட்ரோல் கொதித்து ஆவியாகும். தேரடி திரும்பியதும் வண்டி இரண்டு தும்மல் போட்டு அடங்கிவிட்டது. மாப்பிள்ளை இறங்கி நடந்தார். மூன்றாம் மாதம் அந்தக் கல்யாணப் பெண்ணுக்கு அம்மை போட்டது. அம்மைக்கும் பெட்ரோலுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஹபீபுல்லா கேட்காத ஆள் கிடையாது. யாரும் பதில் சொல்லவில்லை. வண்டியையும் கூப்பிடவில்லை. பிரசவம், கோர்ட்டு, பாம்புக்கடி இதற்கெல்லாம் வருவார்கள். சுபகாரியம் என்றால் 'நிக்கிற வண்டி வேணாம்பா' என்று அடுத்த காரின் கதவைத் திறப்பார்கள்.

அன்றிலிருந்து மனிதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சும்மா நிற்கிற வண்டியின் பானட்டைத் திறந்து பார்ப்பான், மூடுவான், மறுபடியும் திறப்பான். சோற்றில் கை வைத்தபடி தெருவில் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். அவன் மனைவி நஜீமா ஒரு நாள் சொல்லியேவிட்டாள்: "அத்த நிக்கிற வண்டின்றாங்க. உங்கள நிக்காத மன்சன்னு சொல்லலாம். கொஞ்சம் ஒக்காருங்க."

இப்படி இருக்கும்போதுதான், சீனச் சண்டை முடிந்த அடுத்த வருஷம் சித்திரைக் கடைசியில், மருதேரிப்பட்டு ஏசுதாஸ் வந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டிக்குப் பத்தடி தள்ளி நின்றார். ஊர்ப் பெரிய தெருக்காரர்களின் நிலத்தில் பரம்பரையாகக் கூலிக்குப் போகிறவர். யாரிடம் பேசினாலும் முதுகு தானாக வளைந்துகொள்ளும்.

"பாய், பையனுக்குக் கல்யாணம். வண்டி வோணும்."

ஹபீபுல்லா சந்தேகமாகப் பார்த்தான். "கல்யாணத்துக்கா? என் வண்டியா?"

"மத்த வண்டிங்க வராதுன்ட்டாங்க பாய்."

வராததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். மருதேரிப்பட்டில் சேரி கிழக்கே, மாதா கோயில் மேற்கே, நடுவில் பெரிய தெரு. சேரிக்காரர்கள் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வேலைக்கு வருகிறபோது தெருவில் வரலாம், வேலை முடிந்ததும் போய்விட வேண்டும், நடுவில் நிற்கிற பேச்சு கிடையாது. போன வருஷம் ஒரு சேரி இளவட்டம் அந்தத் தெருவில் சைக்கிளில் ஏறிப் போனான். அவனை இறக்கி, டயர் இரண்டையும் கிழித்து அனுப்பினார்கள்.

ஆனால் ஏசுதாஸின் மகன் சின்னப்பன் பட்டாளத்தில் லாரி ஓட்டுகிறவன். பனிமலையில் சண்டைக்கு நடுவே ஓட்டியவன். தெருவுக்குப் பெரியவர் வேதகிரி, சண்டைச் சமயத்தில் யுத்த நிதிக் கூட்டம் போட்டு, ஜவான்களின் காலைக் கழுவிக் குடித்தாலும் தகும் என்று மைக் வைத்துப் பேசியவர். அப்படிப் பேசிய வாயால் ஜவானின் கல்யாணத்தை ஏரிக்கரையைச் சுற்றிப் போகச் சொல்ல முடியவில்லை. மாதா கோயில் சாமியார் வேறு இரண்டு முறை வந்து உட்கார்ந்தார். கடைசியில் வேதகிரி வேண்டா வெறுப்பாகத் தீர்ப்பு சொன்னார்: போகட்டும். கொட்டு மேளம் கூடாது. தெருவுக்குள் எந்த இடத்திலும் நிற்கக் கூடாது.

"நிக்கக் கூடாதாம் பாய்," என்றார் ஏசுதாஸ். "நின்னா இன்னா ஆவும்னு தெரியாது. தெருப் பசங்க கோலு எடுத்து வெச்சிக்கினு கீறாங்க. உங்க வண்டி..." மேலே சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"நிக்காது!" என்று கத்தினான் ஹபீபுல்லா. "எவன் சொன்னான் நிக்கும்னு? போய் பந்தல் போடு, போ!"

ஏசுதாஸ் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் ஹபீபுல்லாவுக்கு உறைத்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. நடைவேகம், அக்கினி நட்சத்திரம், போய்த் திரும்பும்போது உச்சி வெயில், அதோடு நின்றால் கோல். தேரடியில் நின்றபோது பேர்தான் போனது. இங்கே நின்றால் ஒரு கல்யாணமே ரத்தக்களரியாகிவிடும். நேரே பாண்டுரங்கனின் பட்டறைக்கு ஓடினான்.

பாண்டுரங்கன் கெட்டிக்கார மெக்கானிக். அவனிடம் ஒரே ஒரு குறை, எந்த வியாதிக்கும் தான் கேள்விப்பட்ட கடைசி மருந்தைத்தான் கொடுப்பான். அந்த மாதம் மதராசுக்குப் போய்ப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் ஒரு சமாசாரம் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"கட்ட வெய்க்கணும் பாய்."

"இன்னா கட்ட?"

"கார்பரேட்டருக்கு அடியில. இன்ஜின் மேல நேரா குந்திக்கினு கீதா? அங்கேந்துதான் சூடு ஏறுது. நடுவுல ஒரு அங்குலத்துக்கு ஸ்பேசர் வெச்சிட்டம்னா, சூடு மேல வராது. கொதிக்கிற சட்டியத் துணி வெச்சிப் புடிக்கிறதில்ல? அந்தக் கதைதான். இன்னொன்னு, காத்தும் பெட்ரோலும் கலக்கறதுக்கு எடம் கெடச்சிடும். இழுவ கூடும். குதுர மாதிரி போவும் பாய், குதுர!"

"குதுர வோணாம்யா. மாடு மாதிரி போனா போதும்."

"அதும் போவும்."

புதுப்பேட்டையில் பார்த்தது பேக்லைட் என்கிற ஏதோ கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்தது. அது உத்திரமேரூரில் எங்கே கிடைக்கும்? பாண்டுரங்கன் அசரவில்லை. உடைந்த மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றின் குடத்தை வாங்கி வந்தான். வேல மரம், இரும்புக்குச் சமானம். அதில் ஒரு வில்லையை அறுத்து, நடுவில் துளை போட்டு, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, மேலும் கீழும் பேக்கிங் அட்டை வைத்து மாட்டிவிட்டான். மாட்டியதில் கார்பரேட்டர் உயர்ந்துபோய், பானட் மூட மறுத்தது. அதைத் தேங்காய்நார்க் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். பச்சைக் கார் வாயை அரைகுறையாகத் திறந்துகொண்டு எதையோ சொல்ல வருவதுபோல் நின்றது.

நஜீமா வாசலிலிருந்து பார்த்தாள். "மாட்டுவண்டி மரத்த மோட்டாருல வெச்சீங்களா? இனிமே பெட்ரோல் ஊத்துறதா, புல்லு போடுறதா?"

"வாயக் கழுவு," என்றான் ஹபீபுல்லா.

சோதனைக்கு மாகறல் வரைக்கும் விட்டார்கள். ஐயோ, என்ன சொல்ல! வண்டி பறந்தது. செய்யாற்றங்கரை மேட்டை இரண்டாம் கியர் கேட்காமல் ஏறியது. எதிரில் வந்த பஸ்காரன் தலையை வெளியே நீட்டிப் பார்த்தான். ஹபீபுல்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனி மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்தது அன்றைக்குத்தான். பாண்டுரங்கனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பஸ் ஸ்டாண்டில் வேகம் குறைத்துத் திருப்பும்போது இன்ஜின் லேசாகத் திக்கியது. "புது சாமான் பாய், படியணும்," என்றான் பாண்டுரங்கன். ஹபீபுல்லாவும் அதை நம்பினான். நல்ல சேதியை நம்புவதற்கு யாருக்குக் கஷ்டம்?

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நஜீமா கேட்டாள்: "ஊர்வலத்துக்குப் போற வண்டிய ஓட்டப் பந்தயத்துல வுட்டா பாத்தீங்க? மெதுவா வுட்டுப் பாத்தீங்களா?"

ஹபீபுல்லா சோற்றுத் தட்டைத் தள்ளினான். எழுந்து போய் வண்டியை எடுத்து, தன் தெருவிலேயே மேலும் கீழும் நடைவேகத்தில் ஓட்டினான். காற்று குளிர ஆரம்பித்திருந்த நேரம். வண்டி சமர்த்தாகப் போனது. "பாத்தியா?" என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு வந்து படுத்தான். ஆனாலும் மனசுக்குள் ஏதோ அரித்துக்கொண்டேயிருந்தது.

காலையில் போனதில் ஒரு குறையுமில்லை. முன்சீட்டில் பக்கத்தில் பாண்டுரங்கன், தன் கட்டைக்குத் தானே காவலாக. பின்சீட்டில் வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, காகிதப்பூ மாலையோடு சின்னப்பன். அதிகம் பேசாத ஆள். உட்கார்ந்ததும் கயிறு கட்டிய பானட்டைப் பார்த்து, "இன்னா பாய் இது?" என்றான். பாண்டுரங்கன் விளக்கினான். சின்னப்பன் "ஓகோ" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

பெரிய தெருவில் நுழையும்போது வண்டிக்கு முன்னால் தட்டேந்திய பெண்கள், பின்னால் ஆண்கள், ஓரத்தில் ஏசுதாஸ். மேளம் இல்லை. செருப்புச் சத்தம்கூட இல்லை, தெருவுக்கு வெளியிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பட்டாளத்துக்காரன் மட்டும் பூட்ஸோடு காரில் இருந்தான். வேப்பமரத்தடியில் இளவட்டங்கள் ஐந்தாறு பேர் கோலோடு நின்றார்கள். ஹபீபுல்லாவின் ஒரு காது இன்ஜினில், ஒரு கண் கோலில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெரு முடிந்து மாதா கோயிலின் சிலுவை தெரிந்ததும்தான் மூச்சு விட்டான்.

"சொன்னனா?" என்றான் பாண்டுரங்கன்.

"வாய மூடு. திரும்பிப் போவணும்ல?"

பூசை நீண்டது. கோயில் எதிரில் ஒரு மரம் கிடையாது. கொதித்த இன்ஜினோடு வண்டி உச்சி வெயிலில் காய்ந்தது. ஹபீபுல்லா பானட் கயிற்றை அவிழ்ப்பான், கட்டுவான், சக்கரத்தைச் சுற்றி வருவான். பெட்ரோல் குழாயில் ஈரச்சாக்கைச் சுற்றினான், அது அப்பளமாகக் காய்ந்தது. உள்ளே சாமியாரின் பிரசங்கம் முடிகிறபாடில்லை. பொறுமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள்.

ஒரு வழியாக மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். பெண் மார்த்தாள், சின்ன உருவம், பெரிய கண்கள். ஏறி உட்கார்ந்தார்கள். சாவியைத் திருப்பினான். பிடிவாதம் பிடித்து, பிறகு கிளம்பியது. ஆனால் சத்தத்தில் ஏதோ கோளாறு. 'உஸ்' என்று ஒரு மூச்சு, ஆஸ்துமாக்காரன் இழுப்பதுபோல. ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகிறது, காலைத் தளர்த்தினால் நடுங்குகிறது. வேகமாகப் போகலாம் என்றால் முன்னால் பெண்கள் நடக்கிறார்கள். மெதுவாகப் போகலாம் என்றால் வண்டி சாகிறது.

"பாண்டுரங்கா..."

"மிதிச்சிப் புடி பாய். மிதிச்சிப் புடி."

மிதித்தான். கிளச்சை அமுக்கினான். விட்டான். பெரிய தெருவில் பாதி தூரம் வந்தாயிற்று. வேதகிரியின் மாடி வீட்டுக்கு நேர் எதிரே, வேறெங்கும் இல்லாமல் அங்கே, இன்ஜின் இரண்டு தும்மல் போட்டது. ஹபீபுல்லாவுக்கு அந்தத் தும்மல் தெரியும். "யா அல்லா," என்றான். வண்டி நின்றுவிட்டது.

முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்து அப்படியே நின்றார்கள். ஹபீபுல்லா சாவியைத் திருப்பினான். கர், கர், கர். மறுபடியும் திருப்பினான். வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் கோலோடு எழுந்தார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து மட்கார்டில் பட்டுத் தெறித்தது. மார்த்தாள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேதகிரி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். "இன்னாய்யா பாய்! நிக்கக் கூடாதுன்னுதான சொல்லிக்கினு கீறேன்?"

"நானா நிக்கிறேன்? வண்டி நிக்குது!" பயத்தில் ஹபீபுல்லாவுக்குக் கோபம்தான் வந்தது. "அதுங்கிட்ட சொல்லுங்க!"

ஏசுதாஸ் ஓடி வந்தார். "ஆண்டே, கோச்சிக்காதீங்க ஆண்டே. தள்ளிடறோம். டேய், வாங்கடா, தள்ளுங்கடா!"

ஆண்கள் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள். அப்போதுதான் சின்னப்பன் வாய் திறந்தான். குரலை உயர்த்தவில்லை.

"நைனா. தள்ளக் கூடாது."

"டேய்..."

"மாப்ள வண்டியப் பொணத்த இட்டுக்கினு போற மாதிரி தள்ளுவாங்களா? நடுவழியில எறங்கவும் கூடாது. நம்ப வழக்கம் மட்டுமில்ல, அய்யா வூட்டு வழக்கமும் அதான்." வேதகிரியைப் பார்த்துக் கும்பிட்டான். உட்கார்ந்தபடியேதான். "இல்லீங்களா அய்யா? வந்த சுபம் இங்கியே, உங்க வாசல்லியே அறுந்துடக் கூடாது இல்ல?"

ஜவுளிக்கடைக்காரர் வீட்டு மாப்பிள்ளை இறங்கி நடந்த கதை வேதகிரிக்கும் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டதும் தெரியும். அவர் மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். பின்னால் நின்ற அவர் மனைவி ஆண்டாளம்மாள் பளிச்சென்று சொன்னாள்: "நம்ப வாசல்ல மாப்ளய எறக்க வோணாம். சீக்கிரம் ரிப்பேர் பண்ணிக்கினு போவச் சொல்லுங்க. டேய், கோல கீழ போடுங்கடா. கல்லு எறிஞ்சது எவன்?"

கோல்கள் தாழ்ந்தன, கீழே விழவில்லை. ஆனாலும் தாழ்ந்தன.

ஹபீபுல்லாவும் பாண்டுரங்கனும் பானட்டுக்குள் தலையை விட்டார்கள். சூட்டில் காய்ந்துபோன வேலங்கட்டை நெடுக்கே வெடித்திருந்தது. வெடிப்பு வழியாகக் காற்று புகுந்திருக்கிறது. காற்று அதிகமானால் கலவை நீர்த்துப்போகும். வேகத்தில் சமாளிக்கும், மெதுவில் செத்துப்போகும்.

"மாகறல் போனப்போ நல்லாத்தான பாய் இருந்திச்சி," என்று முனகினான் பாண்டுரங்கன்.

"மாகறல்ல எவன்யா கோலோட நின்னான்? சவுக்காரம் கெடைக்குமா பாரு. வெடிப்புல அப்பலாம்."

ஹபீபுல்லா நிமிர்ந்து, தெருவைப் பார்த்துக் கத்தினான்: "தண்ணி வோணும்! சவுக்காரம் வோணும்! சீக்கிரம் போவணும்னா குடுங்க!"

ஆண்டாளம்மாள் உள்ளே போய்ப் பித்தளைக் குடத்தில் தண்ணீரும் துணி துவைக்கிற சவுக்காரம் ஒரு துண்டும் கொடுத்தனுப்பினாள். "வண்டிக்கு," என்று அழுத்திச் சொன்னாள். பாண்டுரங்கன் சவுக்காரத்தைப் பிசைந்து வெடிப்பில் அப்பினான். ஹபீபுல்லா பாதிக் குடத்தைப் பெட்ரோல் பம்பின்மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி வந்தது. சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. நிமிர்ந்தபோது பின்சீட்டில் மார்த்தாளின் உதடு வெளுத்து உலர்ந்திருப்பதைப் பார்த்தான். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை போலிருக்கிறது. அவன் எதையும் யோசிக்கவில்லை. ஜன்னல் வழியாகக் குடத்தை நீட்டினான். அவளும் யோசிக்கவில்லை, வாங்கி மளமளவென்று குடித்தாள்.

குடித்து முடித்த பிறகுதான் தெரு முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரிந்தது.

"அந்தக் கொடத்த நீயே எடுத்துக்கினு போ பாய்," என்றாள் ஆண்டாளம்மாள், உதட்டைச் சுழித்து. உள்ளே போய்விட்டாள். ஹபீபுல்லாவுக்குச் சுருக்கென்றது. அவன் தெருவில் அவன் கொடுக்கிற தண்ணீரையும் வாங்காதவர்கள் உண்டு. குடத்தைத் துடைத்து, பாண்டுரங்கனின் காலடியில் பத்திரமாக வைத்தான்.

இதற்குள் முன்னே நின்ற பெண்களுக்குக் கால் கடுத்தது. ஒருத்தி தட்டை இடுப்பில் மாற்றிக்கொண்டு வேப்பமர நிழலுக்கு நகர்ந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கோல்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கினார்கள். யாரோ ஒரு கிழவி மெள்ள மாதா பாட்டை எடுத்தாள். மேளம்தான் கூடாது என்றார்கள், பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். வேதகிரி படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். ஏசுதாஸ் மட்டும் கார்க் கதவைப் பிடித்தபடி, இடி விழப்போகிறது என்று காத்திருப்பவர்போல் நின்றார். இடி விழவில்லை. வெயில்தான் விழுந்தது. சேரி, தெரு என்று பார்க்காமல் எல்லார் தலையிலும் விழுந்தது. அவர் தலையை மெதுவாகத் தூக்கி, முதல் முறையாக அந்த மாடி வீட்டை, அதன் மரத்தூண்களை, மேல் ஜன்னல்களை, ஓட்டு விளிம்பில் உட்கார்ந்திருந்த புறாக்களைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு நெல் தூக்கித் தூக்கியே முதுகு வளைந்தவர். அதன் மாடியை அவர் அதற்கு முன் பார்த்ததேயில்லை என்று தோன்றியது.

ஹபீபுல்லா சாவியைத் திருப்பினான். கர், கர்... இன்ஜின் பிடித்துக்கொண்டது. 'உஸ்' இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏறு, பாண்டுரங்கா! போலாம்!"

பின்னாலிருந்து ஒரு கை அவன் தோளில் விழுந்தது.

"கொஞ்சம் இருங்க பாய்," என்றான் சின்னப்பன், தெருவுக்கே கேட்கும்படி. "சவுக்காரம் காயட்டும். ஒடனே எடுத்தா மறுபடியும் நின்னுடும்."

மறுபடியும் நின்றுவிடும் என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது. வேதகிரியே எழுந்து, "இருந்து நல்லா பாத்துக்கினு போங்கப்பா," என்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நின்றுகொண்டிருந்தது. பாட்டு முடிகிற வரைக்கும் நின்றது.

பிறகு நடைவேகத்தில், ஒரு திக்கலும் இல்லாமல், தெருவைக் கடந்தார்கள்.

சேரிப் பந்தலில் எல்லாரும் இறங்கிய பிறகும் ஹபீபுல்லா ஸ்டீயரிங்கை விடவில்லை. சின்னப்பன் மாலையைக் கழற்றி மார்த்தாளிடம் கொடுத்துவிட்டு வந்தான்.

"சோக்க இழுத்திருந்தா அப்பவே போயிருக்கும் பாய்."

"இன்னாது?"

"காத்து ஜாஸ்தியாச்சுன்னா சோக்க இழுத்துப் பெட்ரோல ஜாஸ்தி பண்ணணும். சூடான இன்ஜினுக்கு யாரும் சோக்கு இழுக்க மாட்டாங்க. அதான் உங்களுக்குத் தோணல. மலையில எங்களுக்கு டெய்லி இதே வேலதான். காலையில சத்தத்தக் கேட்டப்பவே, அந்தக் கட்ட வெயில் தாங்காதுன்னு தெரியும்."

ஹபீபுல்லாவுக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. "தெரிஞ்சிக்கினேவா குந்திக்கினு இருந்த? கல்லு வந்து விழுது, கோலு தூக்கினு நிக்கிறானுங்க, என் உசுரு போயி உசுரு வருது! ஏன்யா சொல்லல?"

சின்னப்பன் பந்தலைப் பார்த்தான். அங்கே ஏசுதாஸ் யாரிடமோ, இரண்டு கைகளையும் விரித்து, அந்த மாடி வீட்டில் எத்தனை ஜன்னல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். துண்டு தோளில் கிடந்தது.

"நைனா அந்தத் தெருவுல நின்னு நான் பாத்ததில்ல பாய்."

ஹபீபுல்லா பந்தலில் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

வீட்டுக்கு வந்து குடத்தை நஜீமாவிடம் கொடுத்தான். மறுநாளே கட்டையைப் பிடுங்கிவிட வேண்டும் என்று பாண்டுரங்கனிடம் சண்டை போட்டான். பாண்டுரங்கன் விடவில்லை. நல்ல மரமாகப் பார்த்து வேறு செய்கிறேன், சூட்டுக்குக் கட்டை நல்லதுதான், இழுவை கூடியதை நீயே மாகறலில் பார்த்தாய் என்றான். கூடியதா, கூடவில்லையா, அல்லது புது பேக்கிங் போட்டதால் அப்படித் தோன்றியதா? அந்த வழக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வெகுநாள் நடந்தது. தீர்ப்பு வந்தபாடில்லை.

அந்த வருஷம் ஆனி மாதம். வண்டியின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஹபீபுல்லா நின்றபோது, பத்தடி தள்ளி ஒரு ஆள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். தாமல் பக்கம், எல்லப்பன் என்று பேர் சொன்னார். மகனுக்குக் கல்யாணமாம்.

"இங்கேந்து தாமலுக்கா? காஞ்சிவரத்துல வண்டியே இல்லியா?"

"கீது பாய். ஆனா உங்க வண்டிதான் வோணும்னு எங்க ஆளுங்க சொல்லிட்டாங்க."

"கவலப்படாத. இப்ப சரி பண்ணியாச்சு. நிக்கவே நிக்காது."

எல்லப்பனின் முகம் விழுந்துவிட்டது. துண்டைக் கையிலெடுத்துப் பிசைந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நிக்காதா பாய்? எங்க ஊர்லயும் ஒரு பெரிய தெரு கீது. கொஞ்ச நேரம் நின்னா தேவல."

ஹபீபுல்லா பானட்டை அடித்து மூடினான். அது வழக்கம்போல் மூடவில்லை.

"எந்த வூட்டுக்கு எதுர்ல நிக்கணும்? அத்தச் சொல்லு மொதல்ல."